வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்

தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே ஓடும் 21ஜி எங்கள் பல்லாவரம் வழியாகத்தான் போகும். ஜிஎஸ்டி சாலையில் ஏறி உட்கார்ந்தால் கிண்டி, மந்தைவெளி, மயிலாப்பூர் என்று பாதி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடும். 1996 நவம்பர் 7ஆம் தேதி அந்தத் தடத்துப் பேருந்து ஒன்றில், மந்தைவெளியில், யாரும் உரிமை கோராத ஒரு சூட்கேஸ் கிடந்தது. உள்ளே இருந்தது பொன். நாவரசுவின் உடலின் ஒரு பகுதி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். கொன்றவர் மூத்த மாணவர் ஜான் டேவிட். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் பேப்பரை மடித்து பீரோ மேல் போட்டுவிட்டார்கள். ஆனால் டீக்கடை வாசலில் தொங்கிய போஸ்டரை யார் மறைக்க முடியும்?

வழக்கு இழுத்தது. 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையைத் திரும்பக் கொடுத்தது. சட்டம் மட்டும் சீக்கிரம் வந்தது. 1996 கடைசியில் அவசரச் சட்டம், 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கல்லூரித் தலைமை கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தை என்றே கொள்ளப்படும் என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது. ராகிங் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கமும் விரிவானதுதான். உடல் காயம், மனக் காயம் இரண்டும் உண்டு. மாணவனுக்குப் பயத்தையோ வெட்கத்தையோ சங்கடத்தையோ உண்டாக்கும் எந்தச் செயலும் உண்டு. கேலி செய்வதும் உண்டு.

வெட்கம் என்ற சொல் அதில் இருக்கிறது, கவனியுங்கள். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது, சட்டையைக் கழற்றச் சொல்லி நிற்கவைக்கப்பட்ட முதலாண்டுப் பையனின் வெட்கம். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அப்பா கொதித்தெழுந்து கல்லூரிக்கு வருவார். சட்டம் முழுக்க அந்த அப்பாவை நம்பித்தான் நிற்கிறது. அப்பாவிடம் சொல்லவே முடியாத வெட்கம் ஒன்று இருந்தால்?

நான் 2006இல் சென்னைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரிப் பேருந்து காலை ஆறே முக்காலுக்கு பல்லாவரம் சந்தை ரோட்டு முனையில் நிற்கும். பக்கத்து இருக்கைக்காரன் செல்வா. அவன் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். மெலிந்த குரல், கையை ஆட்டிப் பேசுவான், சிக்னல்ஸ் பாடத்தில் எங்கள் எல்லோரையும்விட கெட்டிக்காரன். பேருந்தின் கடைசி வரிசைக்கு அவன் பெயர் 'ஒம்போது'. ஏறும்போது ஒம்போது, இறங்கும்போது ஒம்போது. தமிழ் சினிமா காமெடி ட்ராக்குகள் இருபது வருஷம் உழைத்து உருவாக்கிக் கொடுத்த சொல் அது. ஓர் எண்ணை வைத்து மனிதனை அடிக்கலாம் என்று வேறு மொழிக்காரர்களிடம் சொன்னால் நம்புவார்களா தெரியாது. இதில் சீனியர் யாரும் இல்லை. எல்லாம் எங்கள் செட்டுதான்.

இரண்டாம் ஆண்டில் அது கைக்குப் போனது. ஆய்வகத்துக்குப் பின்னால் நான்கு பேர் அவனைப் பிடித்து, 'என்னன்னு செக் பண்றோம்' என்று பேன்ட்டை இழுத்தார்கள். அவன் துறைத்தலைவரிடம் போகும்போது நானும் கூடப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டார். நான்கு பெயரையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "சரி தம்பி, நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, அவர் முன்னாடியே பேசிடுவோம்" என்றார். செல்வாவின் முகம் அந்த நிமிஷம்தான் வெளிறியது. "வீட்டுக்குச் சொல்லாதீங்க சார். நான் கம்ப்ளெய்ன்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்."

ஆனால் அலுவலகத்திலிருந்து போன் போய்விட்டது. அப்பா வந்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அவனுங்க ஏன்டா உன்னை மட்டும் அப்படிக் கூப்பிடறானுங்க?" அந்த செமஸ்டர் முடிவதற்குள் டிசி வாங்கிக்கொண்டு போனான். நான்கு பேருக்கும் ஒரு வாரம் சஸ்பென்ஷன். காகிதத்தில் பார்த்தால் கல்லூரி எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தது.

அதன்பிறகு வளாகப் பாதுகாப்பு பற்றி எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், ஆணை வந்தாலும், நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதில் வீட்டுக்கு எப்போது சொல்வார்கள்?

2009ஆம் ஆண்டின் கோடை இந்த விஷயத்தில் விசித்திரமானது. அந்த மார்ச்சில் இமாச்சலத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற 19 வயது மாணவர் மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்துபோனார். அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் முன்னாள் சிபிஐ இயக்குநர் ஆர்.கே.ராகவன் தலைமையில் ஒரு குழு அமைத்து, 2007இல் அறிக்கையும் வந்திருந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் பணியிலிருந்து போனவர் அவர். அறிக்கை இரண்டு வருஷம் கிடந்தது, அமன் இறந்தபிறகு விதியானது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் ராகிங் தடுப்பு விதிகள் 2009 ஜூன் 17 தேதியிட்டவை. பதினொரு நாள் கழித்து, ஜூன் 28 அன்று, சென்னைக் கடற்கரையில் முதல் வானவில் பேரணி நடந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் பவுண்டேஷன் வழக்கில், வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இபிகோ 377 பொருந்தாது என்றது. மூன்றும் பதினாறு நாட்களுக்குள். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்கு யூஜிசி விதியிலேயே சாட்சி இருக்கிறது. ராகிங் எது என்று சொல்லும் 3ஆம் பிரிவில் 'எஃப்' என்று ஓர் உட்பிரிவு. உடல்ரீதியான துன்புறுத்தல்களை வரிசைப்படுத்தும்போது பாலியல் அத்துமீறல் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, ஓரினச்சேர்க்கைத் தாக்குதல்கள் என்று தனியாக இன்னொன்றையும் சொல்கிறது. ஆண் விடுதிகளில் நடக்கும் கொடுமையைத்தான் சொல்ல வந்தார்கள், அது புரிகிறது. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் செல்வாவின் பேன்ட்டை இழுத்த நான்கு பேரைப் போன்றவர்கள். இந்திய வளாகப் பாதுகாப்பு விதிக்குள் செல்வா போன்றவர்கள் முதன்முதலில் நுழைந்தது இப்படித்தான், தாக்குபவர்களின் பெயராக.

அதைவிட முக்கியம், அந்த விதி அமைக்கச் சொன்ன குழு. ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். அதில் கல்லூரித் தலைவர், ஆசிரியர், மாணவர், ஊழியர் பிரதிநிதிகள் தவிர மாவட்ட நிர்வாகம், போலீஸ், உள்ளூர்ப் பத்திரிகை, இளைஞர் பணி செய்யும் தொண்டு நிறுவனம், பெற்றோர் எல்லோரின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். ராகிங்குக்கு இது நல்ல மருந்து. கல்லூரி நிர்வாகம் பெயர் கெடுமே என்று பூசி மெழுகும், அதை உடைக்க வெளியாட்கள் உள்ளே வரவேண்டும், பத்திரிகைக்காரர் மேஜையில் உட்கார்ந்திருந்தால் மூடி மறைக்க முடியாது. ராகவன் குழுவின் யோசனை சரி. இப்போது செல்வாவை அந்த மேஜைக்கு முன் நிறுத்திப் பாருங்கள். போலீஸ், பத்திரிகை, யாரோ ஒருவரின் அப்பா. விதியில் இன்னொரு வரியும் உண்டு, தகவல் கொடுப்பவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்று. குழுவின் அமைப்புக்கும் அந்த வரிக்கும் இடையே உள்ள இழுபறி, ராகிங் வழக்குகளில் பெரிதாகத் தெரியாது. செல்வாவின் வழக்கில் எல்லாமே அதுதான்.

உள்ளூர்ப் பத்திரிகை என்ன செய்யும் என்பதற்கு அடுத்த வருஷமே உதாரணம் கிடைத்தது. 2010 பிப்ரவரி 8 அன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். அவரையும் அவருடைய ஆண் துணையையும் படம் பிடித்தார்கள். 64 வயது, ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. பல்கலைக்கழகம், அத்துமீறிப் புகுந்தவர்களை விட்டுவிட்டு, அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. வளாகத்துக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7 அன்று வாடகை வீட்டில் அவர் இறந்துகிடந்தார். பின்னால் ஹன்சல் மேத்தா எடுத்த 'அலிகர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு மனோஜ் பாஜ்பாயின் முகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பணியிடை நீக்க ஆணை நினைவுக்கு வரும். தன் ஊழியர் வீட்டுக்குள் நடந்த அத்துமீறலைக் கேட்டதும் ஒரு நிர்வாகத்துக்கு முதலில் தோன்றியது, அதில் அவர் யாரோடு இருந்தார் என்ற கேள்வி.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில், நியூஜெர்ஸியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், டைலர் கிளெமென்டி. நம் தெருக்களில் பாதிப் பேருக்கு ஜெர்ஸியில் அத்தையோ சித்தப்பாவோ இருப்பதால் அந்தச் செய்தி இங்கேயும் பேசப்பட்டது. பேசப்பட்டதற்கு இன்னொரு காரணம், அறைத்தோழரின் பெயர் தருண் ரவி. இந்தியாவில் பிறந்து, சின்ன வயதில் அங்கே போய் வளர்ந்தவர். கிளெமென்டிக்கு 18 வயது, வயலின் வாசிப்பவர், கல்லூரி தொடங்கி சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் ஓர் ஆணோடு அறையில் இருந்ததை ரவி கணினிக் கேமரா வழியாக இன்னோர் அறையிலிருந்து பார்த்தார். ட்விட்டரில் எழுதினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்று நண்பர்களை அழைத்தார்.

கிளெமென்டி புகார் கொடுத்தார் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. செப்டம்பர் 21 அன்று இணையத்தில் அறை மாற்றத்துக்கு விண்ணப்பித்தார். தளத்தின் பொறுப்பிலிருந்த மூத்த மாணவரிடம் நேரில் போய்ச் சொன்னார். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னதும் இரவே மின்னஞ்சலும் அனுப்பினார். மறுநாள் மாலை அவர் உயிரோடு இல்லை. புகார் வழியில் யாரும் குறுக்கே நிற்கவில்லை, யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. வழி மெதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அமெரிக்கா தண்டனையைப் பற்றியே பேசியது. 2012இல் நடுவர் குழு ரவியை எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது, பாகுபாட்டால் மிரட்டிய குற்றம் உட்பட. நீதிபதி முப்பது நாள் சிறை விதித்தார், இருபது நாள் இருந்துவிட்டு வெளியே வந்தார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. கடைசியில் அந்தரங்கத்தில் ஊடுருவ முயன்றதாக ஒரே ஒரு குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள, வழக்கு முடிந்தது. வயோமிங்கில் 1998இல் கொல்லப்பட்ட மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் பெயரால் வெறுப்புக் குற்றச் சட்டம் அமெரிக்க அளவில் வர 11 ஆண்டுகள் ஆயின, அதுவும் அதே 2009இல்தான். வெறுப்புக் குற்றம் என்று தனியாக ஒரு சட்டம் இங்கே வேண்டும் என்று நண்பர்கள் சொல்லும்போது நான் தயங்குவது இதனால்தான். வேண்டாம் என்று இல்லை. ஆனால் அது எல்லாம் முடிந்தபிறகு நீதிமன்றத்தில் பேசும் விஷயம். ரட்கர்ஸ் அடுத்த வசந்தத்திலேயே அறிவித்த ஒரு சின்ன மாற்றம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆண், பெண் என்று பிரிக்காமல் மாணவர்களே அறைத்தோழரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விடுதிப் பகுதிகள். யாரோடு தூங்கி எழப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வசதி.

இங்கே திரும்பலாம். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கௌஷல் தீர்ப்பில் 377ஐ மீண்டும் உயிர்ப்பித்தது. நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரலில், அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு நால்சா தீர்ப்பில் திருநர்களின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமை என்றது. அந்த வருஷங்களில்தான் கிரேஸ் பானு அரக்கோணத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க இடம் பெற்ற முதல் திருநங்கை. பள்ளியில் தனக்கு நடந்ததை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்தபிறகு வரவேண்டும், அவர்கள் கிளம்பும் முன் கிளம்பிவிட வேண்டும், அவரோடு யாரும் பேசக் கூடாது. யாரும் அடிக்கவில்லை, பாருங்கள். தலித் என்பதாலும் திருநங்கை என்பதாலும் ஒரே நேரத்தில் செய்யப்பட்ட தீண்டாமை அது. 1997 சட்டத்தில் இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பெயர் 2016இல் வந்தது. அந்த ஜூனில் யூஜிசி தன் ராகிங் விதியைத் திருத்தி, 3ஆம் பிரிவில் 'ஜே' என்ற புது உட்பிரிவைச் சேர்த்தது. நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், மொழி, ஊர், பொருளாதார நிலை என்று நீளும் பட்டியல். அதில் திருநர் என்பதும் பாலீர்ப்பு என்பதும் உண்டு. இவற்றின் பேரில் இன்னொரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவது ராகிங். சீண்டுவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங். பாதிக்கப்படுபவர் முதலாண்டாக இருக்கத் தேவையில்லை, எந்த ஆண்டானாலும் சரி. எங்கள் பேருந்தின் கடைசி வரிசையை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

எந்த ஆண்டு என்று மறுபடி பாருங்கள். 2016. கௌஷல் தீர்ப்பு அமலில் இருந்த நேரம். ஒருவன் யாரை விரும்புகிறான் என்பதற்காக அவனைக் கேலி செய்தால் கல்லூரி உங்களை நீக்கலாம், அவன் விரும்பியபடி வாழ்ந்தால் போலீஸ் அவனைப் பிடிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. புகார் கொடுக்கப் போகிற மாணவனுக்கு இதன் பொருள் என்ன? காரணத்தைச் சொன்னால்தான் 'ஜே' பிரிவு பொருந்தும். காரணத்தைச் சொன்னால் தானே குற்றவாளி. 2018 மே மாதம் ஐஐடிகளின் இருபது பேர், மாணவர்களும் முன்னாள் மாணவர்களுமாகச் சேர்ந்து, சொந்தப் பெயரில் 377க்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனதை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவர்கள் பெயர் மனுவில் அச்சாகி வீட்டுக்கும் போனது. செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பு வந்தது, 377இன் அந்தப் பகுதி போனது. 2009இன் 'எஃப்' உட்பிரிவோ அப்படியே விதியில் கிடந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்கும்போது, பழைய குடித்தனக்காரரின் பெயர்ப் பலகையைக் கழற்றாமல் புதியவர் குடிவந்த வீடுபோல இருக்கிறது.

வீடு என்ற இடத்தைப் பெயர் சொல்லித் தொட்டது 2021இல் வந்த சென்னை உயர் நீதிமன்ற ஆணை. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இருவர் வீட்டிலும் காணவில்லை என்று போலீஸில் புகார். போலீஸ் தேடி வந்து விசாரித்தது. அவர்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் வந்தார்கள். சுஷ்மா எதிர் போலீஸ் ஆணையர் என்பது வழக்கின் பெயர். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பிறகு தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று எழுதி, தானும் அந்த உளவியலாளரிடம் போனார். நம்மூர் நீதிபதி ஒருவர் பதவியில் இருக்கும்போதே பாடம் கேட்கப் போனேன் என்று ஆணையில் எழுதுவது சாதாரணம் இல்லை.

ஜூன் 7 அன்று வந்த ஆணை நீளமானது. வயதுவந்தவர்கள் விருப்பப்பட்டுப் போயிருந்தால் காணாமல்போனவர் புகாரை முடித்துவைக்க வேண்டும், பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்பவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்பவைதான் செய்தியில் வந்தன. கல்வி நிலையங்களுக்கான பகுதியை அதிகம் பேர் படிக்கவில்லை. எந்தப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம், புகாருக்கும் ஆலோசனைக்கும் புரிதலுள்ள ஆலோசகர்கள். இவற்றோடு இன்னொன்று, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பெற்றோருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் என்பது. மேலே நான் சொன்ன எந்த விதியும் பெற்றோருக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர்களைக் காவலர்களாகவே எடுத்துக்கொண்டன. வீட்டிலிருந்து ஓடிவந்த இருவரின் வழக்கு என்பதால்தான் இந்த நீதிபதிக்கு அது தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆணைக்குப் பின் நடந்தவற்றில் இரண்டு முக்கியம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதியைத் திருத்தி, இவர்களைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்டதன் பேரில், மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர், ஊடுபால் போன்ற சொற்கள் அரசாங்கத் தமிழானது அப்போதுதான். சொல்தானே என்று தோன்றலாம். 2007இல் செல்வா தன் புகாரைத் தமிழில்தான் எழுதினான். 'என்னை இவர்கள் தொடர்ந்து' என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்கு அவன் பேனா நின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தன்னைக் குறிக்க அவனிடம் அந்த வசவைத் தவிர வேறு சொல் இல்லை. கடைசியில் ஒன்பது என்று எண்ணில் எழுதினான்.

இதெல்லாம் சேர்ந்து இன்றைக்கு ஒரு மாணவருக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று கேட்டால், விதி இருக்கிறது, சொல் இருக்கிறது, 1800-180-5522 என்று கட்டணமில்லா எண் இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது 377 முழுவதுமாக மறைந்தது. மனமொப்பிய உறவுக்கு அது 2018லேயே பொருந்தாது, ஆனால் ஆணையோ திருநரையோ வன்புணர்ந்தால் வழக்குப் போட அந்த ஒரு பிரிவுதான் இருந்தது. புதுச் சட்டத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. வல்லுறவுப் பிரிவு பெண்ணுக்கு மட்டும். 18 வயதுக்குள் என்றால் போக்சோ உண்டு. திருநர் என்றால் 2019 சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 18 தாண்டிய பையன் ஒருவன் விடுதியில் சிதைக்கப்பட்டால் அடி, காயம் என்று ஏதாவது பிரிவைத் தேடிப் போடவேண்டியதுதான். இது செல்வாக்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ராகிங்கில் சிக்கும் எந்தப் பையனுக்கும் இதே கதிதான். யூஜிசி விதியோ, இயற்கைக்கு மாறான குற்றங்கள் நடந்தால் கல்லூரித் தலைவர் போலீஸுக்குப் போகவேண்டும் என்று சொல்கிறது. அவர் போகலாம். அந்தப் பெயரில் பிரிவு இல்லை.

சில வருஷம் முன்பு நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்று கல்லூரிகளுக்கு மேலாண்மை மென்பொருள் செய்து கொடுத்தது. வருகைப்பதிவு, ஃபீஸ், விடுதி, குறைதீர்ப்பு எல்லாம் அதில் அடக்கம். குறைதீர்ப்புப் பகுதியின் தேவைப் பட்டியலில் ஒரு வரி: புகார் பதிவானதும் பெற்றோர் எண்ணுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகவேண்டும். வகுப்புக்கு வரவில்லை என்றால் செய்தி போவது போலவே. கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன், பையனுக்கு வயது 18 தாண்டிவிட்டதே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா என்று. "ஃபீஸ் கட்றது யாரு?" என்றார் வாடிக்கையாளர் தரப்பில் வந்தவர். கடைசியில் அதை அணைத்துவைக்கும் வசதியோடு செய்தோம். வாங்கிய கல்லூரி எதுவும் அணைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

என்னைக் கேட்டால், வளாகத்தைப் பாதுகாப்பானதாக்க ஒரு கல்லூரி நாளைக் காலையே செய்யக்கூடியது இந்தப் பக்கம்தான் இருக்கிறது. வானவில் போஸ்டர் ஒட்டுவது நல்லதுதான், ஐஐடி மெட்ராஸில் 'வண்ணம்' மாதிரி மாணவர்களே நடத்தும் குழு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் காரணம் கேட்காமல் விடுதி அறையை மாற்றிக் கொடுக்க யாருடைய ஆணையும் தேவையில்லை. கிளெமென்டி கேட்டது அதைத்தான். புகார் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குப் போன் போகாது என்று ஒரு வரி எழுதலாம். 'ஜே' பிரிவுப் புகார்களை அந்தப் பெரிய குழுவின் மேஜைக்கு அனுப்பாமல் வளாகத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் விசாரிக்கலாம். விதியிலேயே ராகிங் தடுப்புப் படை என்று உள்ளாட்கள் மட்டும் கொண்ட இன்னோர் அமைப்பு இருக்கிறது, அதை இதற்குப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. யூஜிசியின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள், ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும்கூட பாதிக்கப்படுபவர்கள்தான் என்று 2016இலிருந்தே சொல்கின்றன. செல்வாவுக்கு ஆய்வகத்துக்குப் பின்னால் நடந்தது அந்த விதியின்படி உள்புகார்க் குழுவுக்குப் போகவேண்டிய விஷயம், அங்கே ரகசியம் காப்பது கட்டாயம். இந்த வழி தெரிந்த ஆண் மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பெற்றோரை முழுக்க வெளியே நிறுத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை. நம் ஊரில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். 2009 விதி வந்த வருஷம் நான்காம் ஆண்டுக்குப் பணம் கட்டப் போனபோது, அப்பாவும் நானும் ஆளுக்கொரு ஸ்டாம்ப் பேப்பரில் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவேண்டியிருந்தது. தாம்பரத்தில் ஒரு நோட்டரி வக்கீல் வாசலில் வரிசையில் நின்று வாங்கினோம். என் பிள்ளை ராகிங் செய்யமாட்டான் என்று அப்பா கையெழுத்துப் போடும் பத்திரம். இப்போது அதை இணையத்தில் நிரப்புகிறார்கள், ஆண்டுதோறும், நாடு முழுக்க, மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று. அதில் ஒரு வாக்கியம் உண்டு: இந்த விதிகளின் 3ஆம் பிரிவை நான் குறிப்பாகப் படித்துப் பார்த்தேன், எது ராகிங் என்று எனக்குத் தெரியும். 3ஆம் பிரிவு என்றால் 'ஜே'யும் சேர்த்துத்தான். பாலீர்ப்பின் பேரில் ஒரு பிள்ளையை ஒதுக்கிவைப்பது குற்றம் என்று படித்துத் தெரிந்துகொண்டதாக, கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் 2016இலிருந்து வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சேர்க்கை நாளன்று அந்தப் பக்கத்தை ஒருமுறை தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட பத்து நிமிஷம் ஆகும்.